பிரேசிலியன் ஜியு-ஜித்சு: போட்டிக்குப் போகாமல் முன்னேற முடியுமா?

எதிராளியைத் தரையில் அடக்கி, கழுத்தையோ மூட்டையோ பூட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வைக்கும் மல்லுக்கட்டுக் கலைதான் பிரேசிலியன் ஜியு-ஜித்சு. முதலில் ஒரு கணக்கு. நீல பெல்ட் எடைப் பிரிவு ஒன்றில் 16 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். தோற்றால் வெளியே என்பது முறை. 8 பேர் ஒரே ஆட்டத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். 4 பேருக்கு இரண்டு ஆட்டம், 2 பேருக்கு மூன்று, இறுதிவரை போகும் 2 பேருக்கு மட்டும் நான்கு. சர்வதேச சம்மேளனமான ஐபிஜேஜேஎஃப் விதிப்படி, வயது வந்தோர் பிரிவில் வெள்ளை பெல்ட் ஆட்டம் 5 நிமிடம், நீலம் 6, ஊதா 7, பழுப்பு 8, கறுப்பு 10. ஆக, அந்தப் பிரிவில் பாதிப் பேர் காலையிலிருந்து காத்திருந்து மேட் மேல் நின்றது அதிகபட்சம் 6 நிமிடம்.

இதை வகுப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாரம் மூன்று நாள், நாளுக்கு ஐந்து ரவுண்டு, ரவுண்டுக்கு 5 நிமிடம் என்றால் வாரத்துக்கு 75 நிமிடம். ஆண்டில் 48 வாரம் ஒழுங்காக வந்தால் 60 மணி நேரம். நான்கு போட்டிக்குப் போய் நான்கிலும் முதல் ஆட்டத்திலேயே தோற்றவருக்குக் கிடைத்தது 24 நிமிடம். நேரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் போட்டி ஒரு பொருட்டே இல்லை.

அப்படியிருந்தும் கோச்சுகள் ‘போட்டிக்குப் போ’ என்று விடாமல் சொல்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது, ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் சரியில்லை. அந்த ஆறு நிமிடம் பெரிதாக எதையும் கற்றுத்தருவதில்லை, உள்ளதைக் காட்டிக்கொடுக்கிறது. கற்பது அதற்கு முந்தைய எட்டு வாரத்திலும் பிந்தைய இரண்டு வாரத்திலும் நடக்கிறது. யார் போக வேண்டும், எத்தனை முறை, யாருக்கு வேண்டியதில்லை என்பதெல்லாம் இதைப் பிடித்துக்கொண்டால் தானாகத் தெளிவாகிவிடும்.

தினமும் ஒரு சிறு போட்டி

ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில் கோடோகனைத் தொடங்கியபோது ‘ரந்தோரி’யைப் பயிற்சியின் நடுவில் வைத்தார். இருவர் முழு எதிர்ப்போடு பிடித்துப் பார்ப்பதுதான் ரந்தோரி. கண்ணைக் குத்துவது, விரலை முறிப்பது போல முழு வேகத்தில் பழகவே முடியாதவற்றை ஒதுக்கிவிட்டால், மிச்சமிருப்பதைத் தினமும் நிஜ பலத்தோடு பழகலாம் என்பது அவர் கண்ட வழி. கோடோகனில் பயின்ற மிட்சுயோ மாயேதா 1914இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். பெலேம் நகரில் கார்லோஸ் கிரேசி அவரிடம் கற்றார். ஜப்பானிலிருந்து பிரேசிலுக்குக் கைமாறியவற்றில் எந்தப் பிடியையும்விட இந்தத் தினசரி எதிர்ப்புதான் பெரியது.

அதனால்தான் ஒவ்வொரு ‘ரோலும்’, அதாவது வகுப்பில் இருவர் எதிர்ப்போடு ஆடும் ஒவ்வொரு ரவுண்டும், ஒரு சிறு போட்டி. கழுத்து சிக்கியதா, டேப் அடி (கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்), கை குலுக்கு, மறுபடி தொடங்கு. தனியாக நின்று அசைவுகளைப் பழகும் கலைகளில், நம் கை எதிராளிமேல் வேலை செய்யுமா என்று பார்க்கப் போட்டியை விட்டால் வேறு இடமில்லை. ஜியு-ஜித்சுவில் அந்தச் சோதனை வகுப்புக்கு வகுப்பு நடக்கிறது. ‘போட்டியில் இறங்காதவருக்கு நிஜ ஜியு-ஜித்சு வராது’ என்ற பேச்சு இதனாலேயே அடிபட்டுப்போகிறது. ஐபிஜேஜேஎஃப் பெல்ட் விதியும் அப்படிக் கேட்பதில்லை. நீலத்தில் 2 ஆண்டு, ஊதாவில் ஒன்றரை ஆண்டு, பழுப்பில் 1 ஆண்டு என்று குறைந்தபட்சக் காலத்தைச் சொல்கிறது. பதக்கம் வேண்டும் என்று சொல்வதில்லை.

இதற்குப் பெரிய சான்று பயிற்சியாளர் ஜான் டனாகர். முழங்கால் பிரச்சினையால் அவர் போட்டியாளராகப் பெயர் எடுக்கவில்லை. ஆனால் கலப்புச் சண்டை வீரர் ஜார்ஜ் செயின்ட் பியர் அவரிடம் தரைப் பாடம் கற்றார், ஜியு-ஜித்சு வீரர் கோர்டன் ரயன் அவர் கையில் வளர்ந்தார். கால் பூட்டுகளை இன்று உலகம் பழகும் முறையில் அவருடைய பாடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது: அவர் யோசித்ததை அவருடைய மாணவர்கள் மேட் மேல் கொண்டுபோய்ச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். தானே போட்டியிடாமல் ஒருவர் உச்சிக்குப் போகலாம். போட்டியே எட்டாத ஓர் அறைக்குள் இருந்துகொண்டு போவது கடினம்.

வகுப்பு எங்கே குறைபடுகிறது

ஒரே கூட்டத்தோடு இரண்டு ஆண்டு உருண்டால் என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். உங்களுக்கு மூடிய கார்டு பிடிக்கும். அதாவது தரையில் மல்லாந்து, கால்களை எதிராளியின் இடுப்பில் பூட்டிக்கொண்டு ஆடுவது. அவருடைய வலது கையை இழுத்து, முழங்கையை நேராக நீட்டிப் பூட்டும் ஆர்ம்பார் போடுவது உங்கள் கைவந்த வித்தை. முதல் மூன்று மாதம் எல்லோரும் சிக்குவார்கள். பிறகு வலது முழங்கையை விலாவோடு ஒட்டிவைக்கப் பழகிக்கொள்வார்கள். நீங்கள் காலரைப் பிடித்துக் கழுத்தை நெரிக்கப் போவீர்கள், தாடையைத் தாழ்த்துவார்கள். நீங்கள் இடுப்பை உயர்த்திப் புரட்டப் பார்ப்பீர்கள், அது வருவதற்கு முன்பே கையைத் தரையில் ஊன்றிவிடுவார்கள். இருவரும் நன்றாகவே வளர்ந்திருக்கிறீர்கள். ஆனால் அந்த வளர்ச்சியில் கணிசமான பங்கு, ஒருவரை ஒருவர் மனப்பாடம் செய்ததால் வந்தது.

இதன் மறுபக்கம்தான் அதிக ஆபத்து. உங்கள் அகாடமியில் எவரும் நின்றபடி கார்டைத் திறப்பதில்லை, எல்லோரும் முட்டியிட்டே திறக்கிறார்கள் என்று வையுங்கள். உங்கள் கார்டு இரும்புபோல இருப்பதாகத் தோன்றும். அறிமுகமில்லாத ஒருவர் ஸ்லீவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்ற நொடியில், அந்த இரும்பில் பாதி பழக்கம் என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது குறை, தொடக்கம். இட நெருக்கடியாலும் அடிபடும் பயத்தாலும் பல இடங்களில் ரோல் முட்டியிட்டே தொடங்குகிறது. போட்டி நின்றபடி தொடங்கும். தரையில் அழகாக ஆடும் ஒருவர், மல்யுத்தமோ ஜூடோவோ தெரிந்தவரிடம் முதல் 20 நொடியில் விழுந்து 2 புள்ளி கொடுத்துவிட்டு, மீதி ஐந்தரை நிமிடத்தையும் அதைத் திரும்பப் பெறவே செலவிடுவது எல்லாப் போட்டியிலும் காணக் கிடைக்கிறது.

மூன்றாவது, உடம்பு. வகுப்பில் ஆறு ரவுண்டு சளைக்காமல் ஆடுபவருக்குப் போட்டியில் 90 நொடியில் கை மரத்துப்போகிறது. காரணம் எளிது: பதற்றத்தில் விரல்கள் இறுக மூடிக்கொள்கின்றன, பிடியை விடவே மாட்டேன் என்கின்றன. விடாமல் இறுக்கும் தசைக்குள் ரத்தம் சரியாக ஓடாது. முன்கை கல்லாகிவிடும், பிறகு காலரைப் பிடிக்க நினைத்தாலும் விரல் மடங்காது. கூடவே மூச்சையும் அடக்கிக்கொள்வார்கள். பெயர் அழைக்கப்படுவதற்கு 15, 20 நிமிடம் முன்பே வியர்க்கும் அளவுக்கு உடம்பைச் சூடாக்குங்கள். இரண்டு நிமிடமாவது மூச்சு வாங்கும் வேகத்தில் ஒருவரோடு பிடித்துப் பாருங்கள். அந்த முதல் இரைப்பு ஆட்டத்துக்கு வெளியிலேயே தீர்ந்துவிட வேண்டும். மேட் மேல் போனதும் விரலைக் கொக்கிபோல மாட்டிப் பிடியுங்கள், முஷ்டியாக இறுக்காதீர்கள். பலிக்காத பிடியை விட்டுவிட்டு மறுபடி பிடியுங்கள். ஒவ்வொரு தள்ளலுக்கும் மூச்சை வெளியே விடுங்கள்.

பெண்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது எல்லாவற்றையும்விடக் கனமானது. பல அகாடமிகளில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் துணைகள் பெரும்பாலும் தன்னைவிட 15, 20 கிலோ கூடுதலான ஆண்கள். அவர்களிடம் பிழைத்துக்கொள்ளும் கலை நன்றாக வந்துவிடும். மேலே ஏறி அழுத்தி முடிக்கும் கலை எட்டிப் பார்க்காது. தன் எடையும் தன் பெல்ட்டும் உள்ள இன்னொரு பெண்ணைப் பல ஊர்களில் போட்டியில் மட்டுமே சந்திக்க முடிகிறது. தனக்கு என்ன தெரியும் என்று அவர் நியாயமாக அளந்துகொள்ளக் கிடைக்கும் முதல் இடம் அதுவாக இருக்கலாம்.

புள்ளி என்ன சொல்லித்தருகிறது

ஐபிஜேஜேஎஃப் விதியில் தள்ளி வீழ்த்தினால் 2 புள்ளி, கீழிருந்து புரட்டும் ஸ்வீப்புக்கு 2, வயிற்றில் முழங்கால் வைத்தால் 2, எதிராளியின் கால்களைத் தாண்டிக் கார்டை பாஸ் செய்தால் 3, மேலே ஏறி உட்காரும் மவுண்ட்டுக்கு 4, கால்களைக் கொக்கியாக மாட்டி முதுகைப் பிடித்தால் 4. எதுவானாலும் நிலையை 3 நொடி நிலைநிறுத்தினால்தான் புள்ளி. புள்ளி சமமானால் அட்வான்டேஜ் (புள்ளிக்கு அருகில் வந்து தவறிய முயற்சிகளின் கணக்கு), அதுவும் சமமானால் தண்டனைக் கணக்கு, கடைசியில் முடிவு நடுவர் கையில்.

அந்த 3 நொடி நல்ல ஆசான். வகுப்பில் ஸ்வீப் செய்து மேலே வந்ததும் ‘முடிந்தது’ என்று உடம்பு தளர்ந்துவிடும். எதிராளி அந்த இடைவெளியில் முழங்காலைச் செருகி மறுபடி கார்டு போட்டுவிடுவார், நீங்களும் அதைக் கவனிக்காமல் ஆட்டத்தைத் தொடர்வீர்கள். போட்டியில் நடுவரின் கை உயராது. ஒருமுறை இப்படிப் புள்ளி போனவர், அடுத்த ஆறு மாதம் ஒவ்வொரு ஸ்வீப்புக்குப் பிறகும் இடுப்பைத் தாழ்த்திக் கனத்தை இறக்கிவிட்டுத்தான் அடுத்ததை யோசிப்பார்.

விதி தெரியாமல் தோற்பதில் மட்டும் பாடம் எதுவுமில்லை, வீண் செலவு. வெள்ளை பெல்ட் குதித்து மூடிய கார்டு போடக் கூடாது. எதிராளியைப் பிடிக்காமல் தானாக உட்கார்ந்தால் தண்டனை. கால் பூட்டுப் போடும்போது வெளியிலிருந்து அவர் முழங்காலைக் குறுக்கே வெட்டி உங்கள் கால் நடுக்கோட்டைத் தாண்டினால், வெள்ளையோ நீலமோ, கீ (தடித்த பயிற்சி உடை) அணிந்த ஆட்டத்தில் வெளியேற்றம்தான். எடை பார்ப்பது முதல் ஆட்டத்துக்குச் சற்று முன், கீ உடையோடு, ஒரே ஒரு வாய்ப்பு. ஆண்கள் லைட் பிரிவின் வரம்பு 76 கிலோ. கீ ஒன்றரை முதல் 2 கிலோ வரும் என்பதால் உடம்பு 74இல் இருக்க வேண்டும். முதல் போட்டிக்கு எடை குறைப்பு வேண்டவே வேண்டாம். இப்போது எந்த எடையோ அந்தப் பிரிவிலேயே ஆடுங்கள்.

புள்ளி விதி கெடுப்பதும் உண்டு. 2-0 என்று முன்னால் இருப்பவர் ஒரு காலைப் பூட்டிக்கொண்டு நேரத்தை ஓட்டுவார். இருவர் காலும் ஒன்றோடொன்று பின்னிய ஃபிஃப்டி-ஃபிஃப்டி கார்டில் இருவரும் மாறி மாறி எழுந்து உட்கார்ந்து ஆட்டத்தை முடிப்பார்கள். இந்தக் கோபத்திலிருந்து வேறு விதிமுறைகள் பிறந்தன. 1998இல் அபுதாபியில் தொடங்கிய ஏடிசிசி போட்டியில் ஆட்டத்தின் முதல் பாதியில் புள்ளியே கிடையாது, எதிராளியை டேப் அடிக்க வைத்து முடிக்கப் போகிறவருக்கு அது துணிவு தரும். எந்த விதியில் அதிகம் ஆடுகிறோமோ அந்தப் பழக்கம் உடம்பில் ஏறும். ஒரே வகைப் போட்டியிலேயே கிடப்பவருக்கு இது ஒரு எச்சரிக்கை.

இன்னொரு பக்கம், எது நிலைக்கும் என்பதைப் போட்டிதான் சல்லடையாகச் சலித்துத் தருகிறது. ரோஜர் கிரேசி 2009 உலகப் போட்டியில் தன் எடைப் பிரிவையும் எடை வரம்பில்லாத திறந்த பிரிவையும் வென்றவர். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஆயுதம், மவுண்ட்டிலிருந்து இரு கையையும் குறுக்கே காலரில் நுழைத்துக் கழுத்தை நெரிக்கும் சோக். வெள்ளை பெல்ட்டுக்கு முதல் மாதங்களில் சொல்லித்தருவது. எதிராளி உட்பட எல்லோருக்கும் தெரிந்த ஒன்றே உச்சியில் வேலை செய்கிறது என்றால், வித்தைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட ஒன்றின் ஆழத்தில் இறங்குவது மேல். ராபர்ட்டோ கோர்டோ கொர்ரேயாவின், எதிராளியின் ஒரு காலை மட்டும் பூட்டி ஆடும் ஹாஃப் கார்டும் இப்படி வந்ததே. முழங்கால் காயத்தால் வழக்கமான கார்டு ஆட முடியாமல் போனவர், சும்மா மூச்சு வாங்கிக்கொள்ளும் இடமாக இருந்த ஒரு நிலையைத் தாக்கும் இடமாக மாற்றினார். 1990களின் போட்டிகளில் அது தாக்குப்பிடித்ததால்தான் உலகம் எடுத்துக்கொண்டது.

எட்டு வாரம்

முதல் மூன்று வாரத்தில் ஆட்டத்தைக் குறுக்குங்கள். நின்ற நிலையிலிருந்து ஒரு வீழ்த்தல், அல்லது பிடியோடு கார்டுக்கு இழுப்பது. ஒரு பாஸ், ஒரு ஸ்வீப், மேலிருந்து ஒரு முடிப்பு. பக்கப் பிடி, மவுண்ட், முதுகு மூன்றிலிருந்தும் தப்பத் தலா ஒரு வழி. ஒரு காகிதத்தின் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். புதிதாகக் கற்பதை நிறுத்திவிட்டு, இந்த ஏழையும் மோசமான நிலையிலிருந்து தொடங்கி 2 நிமிட ரவுண்டுகளாகப் பழகுங்கள்.

நான்கு முதல் ஆறாவது வாரம் வரை போட்டி நேரத்துக்கே ரவுண்டு: நின்றபடி தொடக்கம், ஒருவர் நடுவர், சுவரில் புள்ளி. ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் இரண்டு சிறு பயிற்சி சேருங்கள். ஒன்று, 2 புள்ளி பின்னால், 60 நொடி மிச்சம். மற்றது, 2 புள்ளி முன்னால், 60 நொடி மிச்சம். இரண்டாவதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். முன்னால் இருப்பவர் பிடித்ததைக் காப்பாற்ற உறைந்துபோகிறார், 20 நொடி அசையாமல் இருந்தால் நடுவர் தண்டிப்பார் என்பதை மறந்துவிடுகிறார்.

ஏழாவது வாரம் கடினமானது. எட்டில் பாதியாகக் குறைத்துவிட்டுத் தூங்குங்கள். கடைசி வாரத்தில் ஒரு வீடியோவைப் பார்த்துப் புதுப் பிடி ஒன்றைச் சேர்ப்பது மிகப் பழைய தவறு. அந்த ஒரு பிடிக்காக நிச்சயம் தெரிந்த ஆறு கெடும்.

இந்த எட்டு வாரத்தின் ஒழுங்கு, பெரும்பாலானவர்களுக்கு ஆண்டு முழுக்கக் கிடைக்காத ஒன்று. குறிக்கோள், நாள் குறிப்பு, குறைவான வித்தை, அளவிடப்பட்ட ரவுண்டு எல்லாம் போட்டி நாள் என்ற ஒன்று இருப்பதால்தான் வாய்க்கின்றன. வளர்ச்சியின் பெரும் பங்கு இங்கே.

இதே காரணத்தால் அடிக்கடி போவது கேடு. புதியதைக் கற்க வேண்டுமானால் ரோலில் அதை நூறு முறை முயன்று தொண்ணூறு முறை தோற்க வேண்டும். போட்டிக்குத் தயாராகும் காலத்தில் அந்தத் தோல்விக்கு இடமில்லை. மாதம் ஒரு போட்டி என்று ஓடும் வெள்ளை, நீல பெல்ட்டுகள் ஒரு ஸ்வீப்பையும் ஒரு தலைப்பிடியையும் வைத்துக்கொண்டு ஆண்டைக் கடத்திவிடுகிறார்கள். பதக்கம் சேரும், ஆட்டம் அங்கேயே நிற்கும். பதக்கத்துக்காகவே அடுத்த பெல்ட்டைத் தள்ளிப்போடும் அகாடமிகள் அவர்களுக்கு இன்னும் அநியாயம் செய்கின்றன. ஆண்டுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. 52 வாரத்தில் 16 முதல் 24 வாரம் கூர்தீட்டவும் மீதி விரிவாக்கவும் போகட்டும்.

போகாதவர்களுக்கு

நாற்பது வயது, குழந்தைகள், கழுத்து வலி, திங்கள் காலை வேலை. இவர்கள் போட்டியைத் தவிர்த்தால் அதில் தாழ்வு எதுவுமில்லை. வயதுதான் தயக்கம் என்றால், 30 வயதாகும் ஆண்டிலிருந்து மாஸ்டர் பிரிவுகள் உண்டு. மாஸ்டர் 1 முப்பதில், மாஸ்டர் 2 முப்பத்தாறில், மாஸ்டர் 3 நாற்பத்தொன்றில் தொடங்குகின்றன. 22 வயது இளைஞர் எதிரே நிற்க மாட்டார்.

அப்படியும் வேண்டாம் என்பவர், போட்டி காட்டிக்கொடுப்பதை வேறு வழியில் பெற வேண்டும். மாதம் ஒருமுறை வேறு அகாடமியின் ஓப்பன் மேட்டுக்கு (யாரும் வந்து ஆடக்கூடிய பயிற்சிக்கு)ப் போய் முன்பின் தெரியாத மூன்று பேரோடு ஆடுங்கள். வாரத்தில் ஒரு ரவுண்டாவது நின்றபடி தொடங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அகாடமிக்குள்ளேயே நடுவர், கடிகாரம், புள்ளியோடு ஓர் உள்போட்டி நடத்தச் சொல்லுங்கள். ரோல்களை வீடியோ எடுங்கள். இவ்வளவும் செய்தால் போட்டியால் வரும் பயனில் பெரும்பகுதி வந்துவிடும். பெயர் அழைக்கப்படும்வரை வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரம் மட்டும் வராது, அதற்கு மாற்று கிடையாது. அதனாலேயே, காயமோ உடல்நலக் காரணமோ இல்லாத எவரும் பெல்ட்டுக்கு ஒருமுறையாவது போய்ப் பார்ப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. டேப் அடிக்கத் தயங்குபவர் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். வீம்பில் டேப் அடிக்காமல் முழங்கையைக் கெடுத்துக்கொண்டவர் அடுத்த சில மாதங்களை மேட்டுக்கு வெளியே கழிப்பார், அந்த இழப்பை எந்தப் பதக்கமும் ஈடுகட்டாது.

தோற்ற ஆட்டத்தைப் படிப்பது

இரண்டு நாளுக்குள், ஞாபகம் மங்குவதற்கு முன் எழுதிவையுங்கள், பிறகு வீடியோ. எல்லோரும் டேப் அடித்த இடத்தையே பார்க்கிறார்கள். ஆர்ம்பாரில் தோற்றவர் ஆர்ம்பாரிலிருந்து தப்பும் வழியைத் தேடுகிறார். வீடியோவைப் பின்னோக்கி ஓட்டுங்கள். 4:10இல் ஆர்ம்பார். ஏனென்றால் 3:40இல் தோற்றவர் மவுண்ட்டுக்குக் கீழே கையை நீட்டி எதிராளியைத் தள்ளினார். மவுண்ட் வந்தது 3:15இல், பக்கப் பிடியில் முதுகைத் தட்டையாகக் கொடுத்ததால். பக்கப் பிடி வந்தது 2:30இல் எதிராளி கார்டைக் கடந்ததால். கடந்தது எப்படி? 2:05இல் எதிராளி ஸ்லீவை உதறி விடுவித்துக்கொண்டார், தோற்றவர் மறுபடி பிடிக்காமல் மூன்று நொடி வெறுங்கையோடு படுத்திருந்தார். கோளாறு அந்த 2:05இல் இருக்கிறது. ஆர்ம்பார் அதன் கடைசிக் கண்ணி.

அடுத்த வகுப்பில் அந்த இடத்திலேயே தொடங்குங்கள். நீங்கள் கீழே, கார்டு திறந்திருக்கிறது, துணை இரண்டு கையையும் விடுவித்துக்கொண்டுவிட்டார். உங்கள் வேலை 3 நொடிக்குள் ஒரு ஸ்லீவையோ காலரையோ பிடிப்பது, அவர் வேலை பிடி கொடுக்காமல் கடப்பது. 2 நிமிடம், ஐந்து முறை, முடிந்தால் உங்களைவிடக் கனமான ஒருவரோடு. இரண்டு வாரம்.